செய்தியின் வரிசையும் பொதுசன அபிப்பிராயமும்: மண்டூர்த் துறையிலிருந்து ஒரு நோக்கு

பொதுசன அபிப்பிராயம் என்னுந் தொடர் நம்மிடையே மிகச் சாதாரணமாக வழங்கி வருகின்றது. அரசியல் மேடையில் அது சான்றாகக் காட்டப்படுகின்றது. பத்திரிகைத் தலையங்கத்தில் நீதிபதியின் ஆசனத்தில் இருத்தப்படுகின்றது. ஆயின், அவ்வபிப்பிராயம் எவ்வழியாக உருப்பெறுகின்றது, யாருடைய கைகளைக் கடந்து வருகின்றது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படுவதில்லை. ஈழத்துத் தமிழ் விமர்சனம் இலக்கியத்தின் சமூக அடிப்படைகளை ஆராய்வதிற் காட்டிய தீவிரத்தைச் செய்தியின் சமூக அடிப்படைகளை ஆராய்வதிற் காட்டியதாகக் கூறமுடியாது. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்தவர். சிவத்தம்பி 1981இல் தமிழ்ச் சமூகத்தையும் அதன் சினிமாவையும் ஒருங்கே வைத்து நோக்கியவர். இவ்விருவரையும் பெற்றிருந்த ஒரு விமர்சன மரபு, நாள்தோறும் நம் வீடுகளுக்குள் நுழையும் செய்தியைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசியிருப்பது வியப்புக்குரியதே.

இவ்விடயத்தை மண்டூரிலிருந்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவி நிலத்தை இரண்டாக வகுக்கின்றது. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அது படும் வயற்பக்கம் படுவான்கரை. பிரதான வீதி, பெரிய பாடசாலைகள், வைத்தியசாலை, சந்தை, பத்திரிகைக் கட்டு வந்திறங்கும் இடம் யாவும் எழுவான்கரையில் அமைந்தன. நெல்லும் பாலும் படுவான்கரையிலிருந்து சென்றன. படுவான்கரையின் தென்பாகத்தில், முருகன் கோயிலாற் புகழ்பெற்ற மண்டூருக்கும் எதிர்க்கரையிலுள்ள குருமண்வெளிக்குமிடையே நெடுங்காலம் போக்குவரத்து ஓடத்தாலும், இப்பிரதேசத்தார் ‘பாதை’ என வழங்கும் மிதவையாலுமே நடைபெற்றது. குருமண்வெளித் துறையில் இறங்கினாற் களுவாஞ்சிகுடி அண்மையில். ஆகவே செய்தி மண்டூருக்கு வந்து சேர்வதற்கு ஒரு வழியும் ஒரு நேரமும் இருந்தன. அதனைக் கொணர்ந்தவரை ஊரார் அறிவர். அவர் நம்பத்தக்கவரா என்பதையும் அறிவர்.

வோல்டர் லிப்மன் 1922இல் எழுதிய ‘பொதுசன அபிப்பிராயம்’ என்னும் நூலின் தொடக்கம் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியருமாகச் சிலர் 1914இல் ஒரு தீவில் வாழ்கின்றனர். அறுபது நாளுக்கு ஒருமுறையே தபாற்கப்பல் வரும். செப்ரெம்பர் நடுப்பகுதியிற் கப்பல் வந்தபோதுதான், ஆறு வாரங்களுக்கு மேலாகத் தாம் ஒருவர்க்கொருவர் பகைவராயிருந்தமையை அவர்கள் அறிகின்றனர். அதுவரை நண்பராகவே பழகியிருந்தனர். மனிதர் உலகத்திற்கு எதிர்வினை ஆற்றுவதில்லை, உலகத்தைப் பற்றித் தம் மனத்தில் வரையப்பட்ட சித்திரத்திற்கே எதிர்வினை ஆற்றுகின்றனர் என்பது லிப்மனின் வாதம். வாதம் சரியானதே. ஆனால், அச்சித்திரத்தை வரைபவர் யார் என்னும் வினாவுக்கு லிப்மன் தரும் விடை நிபுணர்களிடம் நம்மை ஒப்படைப்பதிற் சென்று முடிகின்றது. அதனை நாம் ஏற்பதற்கில்லை. நமது நாட்டிற் சித்திரத்தை வரைந்தவர்களுள் நிபுணர்களும் இருந்தனர்.

கிராமத்தில் அபிப்பிராயம் உருவாகும் முறைபற்றி லசார்ஸ்ஃபெல்டும் அவர் தோழர்களும் 1940ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலை ஆராய்ந்து கூறிய இருபடிநிலைக் கொள்கை நன்கு அறியப்பட்டது. செய்தி நேரே மக்களை அடைவதில்லை. முதலிற் கருத்துத் தலைவரை அடைந்து, அவர் வாய்வழியாக மற்றையோரிடம் பரவுகின்றது. படுவான்கரையை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. பத்திரிகை ஒன்று, கேட்போர் பலர்; கடை வாங்கிலோ வாசிகசாலைத் திண்ணையிலோ ஒருவர் உரக்க வாசிப்பார். ஆயின் ஓகாயோ மாநிலத்துக் கருத்துத் தலைவர் தம் அயலாரை ஒத்த நிலையினர். இங்கோ அவர் பல வேளைகளிற் போடியாராகவோ, கோயில் வண்ணக்கராகவோ இருந்தார். கேட்பவன் அவரது வயலைச் செய்கை பண்ணுபவன். போடியாரின் விளக்கத்துக்கு மாறான விளக்கத்தைச் சொல்வதென்பது அடுத்த போகத்து வயலைப் பணயம் வைப்பதாகும். அபிப்பிராயம் உற்பத்தி உறவுகளினூடாகவே இறங்கி வருகின்றது என்பதை அமெரிக்க ஆய்வாளரின் வினாக்கொத்துகள் கேட்கவில்லை. வகுப்பறையில் இக்கொள்கையை அவ்வண்ணமே ஒப்புவிக்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் இருப்பதாற் இதனைச் சற்று அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

பத்திரிகைகளே அபிப்பிராயத்தை ஆக்குகின்றன என்னும் எளிய முடிபையும் இலங்கை வரலாறு மறுக்கின்றது. 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் செல்வாக்கு முழுவதும் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கமே நின்றது. வென்றவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. பிக்குமார், சுதேச வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளர் என்னும் ஐம்பெருஞ் சக்திகள் கிராமங்களில் வாய்வழி ஆற்றிய பணிக்கு முன் கொழும்பின் தலையங்கங்கள் எடுபடவில்லை. 1973இல் லேக் ஹவுஸ் அரசின் பிடிக்குள் கொணரப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின் நடைபெற்ற தேர்தலில், அதனைக் கொணர்ந்த சிறீ லங்கா சுதந்திரக் கட்சி 168 ஆசனங்களில் எட்டை மாத்திரமே பெற்றது. பாணுக்காக வரிசையில் நின்றவனுக்குப் பாண் கிடைத்தது என்று எந்தப் பத்திரிகையும் நம்பவைக்க முடியாது. மக்கள் தம் அனுபவத்தால் அறிந்த விடயத்திற் செய்திச் சாதனம் வலுவற்றது. தாம் காணாத ஊரையும் பழகாத மனிதரையும் பற்றிய விடயத்திலேயே அது பேராற்றல் பெறுகின்றது. அவ்வாறு காணப்படாத ஊராகத் தென்னிலங்கைக்கு நெடுங்காலம் இருந்தது மட்டக்களப்பு.

1956 யூன் மாதம் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதையடுத்துக் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் நிகழ்ந்த படுகொலைகளுக்கு முன் ஒரு வதந்தி பரவியது. சிங்களப் பெண்ணொருத்தி மட்டக்களப்பிற் தமிழர் கும்பலொன்றினால் மானபங்கப்படுத்தப்பட்டு வீதியில் நிர்வாணமாக நடத்தப்பட்டாள் என்பதே அது. அவ்வாறான நிகழ்ச்சி எதுவும் நடந்திருக்கவில்லை. இரண்டாண்டுகளின் பின், 1958 மேயிற் பாணந்துறையிற் பரவிய வதந்தி வருமாறு: பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்புப் பாடசாலையொன்றிற் கற்பித்துவந்தார், அவர் அங்கங்கள் வெட்டப்பட்டுக் கொல்லப்பட்டார், உடல் ஊருக்குக் கொண்டுவரப்படுகின்றது. இதையடுத்துப் பாணந்துறை இந்துக் கோயிலின் பூசகர் உயிரோடு எரிக்கப்பட்டார். மட்டக்களப்புப் பாடசாலை எதிலும் பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவரும் பணியாற்றவில்லை என்பது கல்வித் திணைக்களத்தின் பதிவுகளைக் கொண்டு அறியப்பட்டது.

இவ்விரு வதந்திகளும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. பாதிக்கப்பட்டவர் பெண், இடம் மட்டக்களப்பு, சாட்சி எவருமில்லை. மட்டக்களப்பு என்னும் பெயர் அங்கே ஒரு மாவட்டத்தைக் குறிக்கவில்லை. சென்று பார்த்து உறுதிசெய்ய இயலாத ஓரிடத்தையே குறித்தது. வதந்திக்கு வேண்டியது அத்தகைய இடமே. குருமண்வெளித் துறையிற் பரவும் பொய்க்கு ஆயுள் குறைவு. மறுநாட் தோணி அதனைப் பொய்யாக்கிவிடும். நூற்றைம்பது மைலுக்கு அப்பாலுள்ள பொய்க்கு அத்தகைய தோணி இல்லை.

வதந்தியைப் பாமரரின் பிழையாகவும் அதிகாரபூர்வமான செய்தியை அதற்கான மருந்தாகவும் கருதுவது வழக்கம். 1958 மே 26ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்க வானொலியில் ஆற்றிய உரை இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. நிகழ்ச்சிகளின் ஒழுங்கை முதலில் நோக்குவோம். 1957 யூலை 26இற் கைச்சாத்தான பண்டா - செல்வா ஒப்பந்தம் 1958 ஏப்ரில் 9இற் கைவிடப்பட்டது. மே மாதக் கடைசியில் வவுனியாவில் நடைபெறவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குச் செல்வோரைத் தேடி மே 22இற் பொலன்னறுவைப் புகையிரத நிலையத்திற் கும்பலொன்று தாக்குதல் நடத்தியது. 23ஆந் திகதி இரவு ஏறாவூருக்கு அண்மையிற் புகையிரதமொன்று தடம்புரளச் செய்யப்பட்டு உயிர்கள் பலியாயின. 25இல், நுவரெலியாவின் முன்னாள் மேயர் டி. ஏ. செனிவிரத்ன களுவாஞ்சிகுடிப் பகுதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குள் பொலன்னறுவைப் பகுதியில் வன்முறை பெருகியிருந்தது.

மறுநாள் வானொலியிற் பிரதமர் கூறியதன் சாரம், மட்டக்களப்பு மாவட்டத்தில் நிகழ்ந்த சில சம்பவங்களும் செனிவிரத்ன உட்படச் சிலரின் மரணமும் பொலன்னறுவை, தம்புள்ளை முதலான பிற இடங்களில் வன்செயல்களை விளைவித்தன என்பதாகும். இவ்வுரையிற் குறிப்பிடப்பட்ட நிகழ்ச்சிகளுள் எதுவும் கற்பனையன்று. செனிவிரத்ன கொல்லப்பட்டது உண்மை. பொலன்னறுவை எரிந்ததும் உண்மை. பொய் இருந்தது வரிசையில். மூன்று நாள் முன்னர் தொடங்கியது பின்னர் நிகழ்ந்ததன் விளைவாக்கப்பட்டது. மே 22 அவ்வுரையில் இடம்பெறவில்லை. பாணந்துறை வதந்தி இல்லாத ஆசிரியையைப் படைத்தது. வானொலியுரை இல்லாத எதனையும் படைக்கவில்லை. எனினும் இரண்டும் கேட்போர் மனத்தில் ஒரே சித்திரத்தையே வரைந்தன: கேடு மட்டக்களப்பிலிருந்து வருகின்றது. வதந்தி சந்தியில் நின்று சொன்னதை நாட்டின் மிகவுயர்ந்த குரல் கௌரவமான மொழியில் உறுதிசெய்தது. அடுத்த நாட்களில் வன்செயல் தெற்கெங்கும் பரவியது. இறந்தோர் தொகை நூற்றைம்பது முதல் முந்நூறு வரையெனப் பலவாறு மதிப்பிடப்படுகின்றது.

மே 27இல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பத்திரிகைத் தணிக்கை வந்தது. அவ்வானொலியுரையின் வரிசையைத் திருத்திச் சொல்லக்கூடிய காலம் அதுவே. சொல்லும் வாயில்கள் மூடப்பட்டதும் அப்பொழுதே. கொழும்பிலிருந்து வெளிவரும் சிலோன் ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியரான தார்சி வித்தாச்சி, தமது பத்திரிகையில் அச்சிட இயலாதவற்றை நூலாக்கி அதே ஆண்டில் இலண்டனில் வெளியிட்டார். நாள்வாரியாக நிகழ்ச்சிகளை அடுக்கிப் பிரதமரின் உரையை அவர் மறுத்திருக்கும் முறை பத்திரிகைத் தொழிலுக்கு ஓர் இலக்கணம் எனத் தகும். ஆயினும் அது ஆங்கில நூல். வானொலியோ மும்மொழியிலும் ஒலித்தது. பொய்யான வரிசை அன்றே எல்லா மொழியிலும் எல்லா ஊரையும் அடைந்தது. திருத்தம் சில மாதங் கழித்து, ஒரு மொழியில், நூல் வாங்கும் வசதியுடையோரை மாத்திரம் அடைந்தது. பொதுசன அபிப்பிராயத்தின் அசமத்துவத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறொன்றை நாம் அறியோம்.

தமிழ்ப் பத்திரிகைகள் இவ்விடைவெளியை நிரப்பினவா? வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பிற் தொடங்கின. செல்வநாயகம் 1947இல் நிறுவிய சுதந்திரனும் அங்கிருந்தே வெளிவந்தது. ஈழநாடு 1959இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. சுதந்திரனிலும் பின்னர் தினபதி, சிந்தாமணி ஆகியவற்றிலும் ஆசிரியராயிருந்த எஸ். டி. சிவநாயகம் மட்டக்களப்பார் என்பதை மறக்கலாகாது. ஆயின் ஓர் ஆசிரியரின் பிறப்பிடம் பத்திரிகையின் நோக்குநிலையை மாற்றிவிடுவதில்லை. படுவான்கரை தமிழ்ப் பத்திரிகையில் இடம்பெற்றது வெள்ளத்தின்போதும், கோயிலுற்சவத்தின்போதும், தாக்கப்பட்டபோதும்தான். அதன் நில உறவுகள், குடிமுறை, நீர்ப்பங்கீடு, அயலிலுள்ள முஸ்லிம் கிராமங்களுடன் அதற்கிருந்த கொடுக்கல்வாங்கல் ஆகியவை செய்தியாகத் தகுதிபெறவில்லை. தென்னிலங்கைக்கு மட்டக்களப்புப் பகைவரின் ஊராகத் தோன்றியதெனின், தமிழ்த் தேசியப் பத்திரிகைக்கு அது எல்லைக்கிராமமாகத் தோன்றியது. இரண்டிலும் அவ்வூர் பிறர் கதையில் ஒரு காட்சியே.

வரிசையை மாற்றும் வழக்கம் அரசுக்கு மாத்திரம் உரியதன்று என்பதை 1990ஆம் ஆண்டு காட்டியது. ஆகஸ்ட் 3இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகள் தமக்கு அதிற் தொடர்பில்லை என்றனர். அதே மாதத்தில் ஏறாவூரில் முஸ்லிம்களும் வீரமுனையிற் தமிழரும் கொல்லப்பட்டனர். இன்று தமிழர் ஒருவர் இக்கதையைச் சொல்லத் தொடங்குவது வீரமுனையிலிருந்து. முஸ்லிம் ஒருவர் தொடங்குவது காத்தான்குடியிலிருந்து. இருவர் கூறுவதும் உண்மையே; ஒவ்வொருவரும் மற்றவரின் தொடக்கத்தைத் தம் கதையின் இடையில் ஒரு சிறு வாக்கியமாக ஆக்கிக்கொள்கின்றனர். 1958இன் வானொலியுரையைக் கண்டிக்கும் தமிழ் வாசகர், தம் சொந்த வரிசையையும் அதே கண்டிப்புடன் பரிசோதித்தல் வேண்டும். இது பலருக்கு உவப்பாயிராது என்பதை நாம் அறிவோம்.

போர்க்காலத்திற் படுவான்கரைக்கு இடப்பட்ட பெயரும் இங்கு நோக்கத்தக்கது. அரச அறிக்கைகளில் அது ‘விடுவிக்கப்படாத பகுதி’. 2007இல் இராணுவம் அப்பகுதியைக் கைப்பற்றும்வரை இப்பெயர் நிலைத்தது. அங்கு பாடசாலை நடந்தது, வயல் விளைந்தது, மண்டூர்க் கோயிலில் வாய்கட்டிப் பூசை நிகழ்ந்தது. எனினும் பெயர் கூறியது ஒன்றையே: அங்குள்ளவர் இன்னும் மனிதக் கணக்கில் வந்துசேரவில்லை. 1991 யூன் 12இற் கொக்கட்டிச்சோலையிற் பொதுமக்கள் கொல்லப்பட்டபோது விசாரணை ஆணைக்குழு அமைந்ததும் அறிக்கை வந்ததும் உண்மையே. ஆயினும் அப்பகுதி பற்றி நாளாந்தம் பழக்கப்படுத்தப்பட்டிருந்த சொல், அவ்வறிக்கையைவிட ஆழமாகத் தென்னிலங்கை வாசகர் மனத்திற் பதிந்திருந்தது என்பதே எமது துணிபு.

மறுபுறத்திலும் ஒரு சொல் ஆட்சி செலுத்தியது: துரோகி. 2004 மார்ச் 3இல் விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்ததாக அறிவித்தபோது, கிழக்கின் பிரதேசக் குறைகள் குறித்து நெடுநாள் முணுமுணுக்கப்பட்டவை முதன்முறையாக வெளிப்படையாகப் பேசப்பட்டன. அவை உண்மையான குறைகளா, ஆயுதத் தலைமைப் போட்டிக்குப் போர்வையா என்பதை மக்கள் ஆறஅமர விவாதித்திருத்தல் வேண்டும். விவாதத்துக்கு இடமிருக்கவில்லை. ஒரு தரப்பு ‘துரோகி’ என்றும் மறுதரப்பு ‘வடக்கின் ஆதிக்கம்’ என்றும் சொல்லி முடித்தன. ஏப்ரில் 2இற் பொதுத்தேர்தல். ஒரு வாரத்தின் பின் வெருகலில் துப்பாக்கிகள் பேசின. மே 31இல் மட்டக்களப்பு ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஏப்ரிலில் மட்டக்களப்பைச் சேர்ந்த தர்மரத்தினம் சிவராம் கொழும்பிற் கடத்திக் கொல்லப்பட்டார். அதன்பின் கொழும்புத் தமிழ் நாளேடுகளின் விநியோகம் கிழக்கில் ஆயுதக் குழுவினராற் தடுக்கப்பட்டது.

ஜெர்மனியரான எலிசபெத் நோயெல்-நோய்மன் 1974இல் முன்வைத்த மௌனச்சுழற் கொள்கை இக்கட்டத்தை விளக்கப் பலராலும் எடுத்தாளப்படக்கூடியது. தம் கருத்து சிறுபான்மையினதென உணர்வோர் தனிமைப்படும் அச்சத்தால் மௌனமாகின்றனர். மௌனம் பெருகப் பெரும்பான்மைக் கருத்து மேலும் பெரிதாகத் தோன்றுகின்றது என்பது அக்கொள்கை. நாசிகளின் ‘தாஸ் ரைஹ்’ ஏட்டில் எழுதிய ஒருவர் மௌனத்துக்கு அயலாரின் முகச்சுளிப்பையே காரணமாகக் கண்டது சிந்திக்கத்தக்கது. படுவான்கரையில் மௌனம் முகச்சுளிப்பாற் பிறக்கவில்லை. பேசியவர் வீட்டுக்கு இரவில் யார் வருவார் என்பது தெரிந்திருந்தமையாற் பிறந்தது. அத்தகைய மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு, மக்கள் ஒருமித்து நிற்கின்றனர் என அறிக்கை விட்டோர் எல்லாத் தரப்பிலும் இருந்தனர்.

எனினும் அம்மௌனம் அறியாமையன்று. அக்காலத்துக் கிராமத்தவர் இலங்கை வானொலியையும், பி.பி.சி. தமிழோசையையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியையும் ஒரே மாலையிற் திருப்பித் திருப்பிக் கேட்டனர். அரச வானொலி கூறும் எண்ணை ஒரு பக்கமும் மற்றது கூறும் எண்ணை மறுபக்கமும் வைத்து, பாதையில் வந்தவர் கண்டதையும் சேர்த்து, தாமே ஒரு முடிபுக்கு வந்தனர். பத்திராதிபர் செய்யவேண்டிய பணியை, பத்திரிகை வாங்கப் பணமில்லாதோர் செய்தனர். நமது ஆய்வுகள் வாசகரைச் செயலற்ற பாத்திரமாகக் கொள்வதை நிறுத்துவதற்கு இவ்வழக்கமொன்றே போதும். ஆயின் அம்முடிபுகள் வெளியிற் சொல்லப்படவில்லை. எனவே அவை பொதுசன அபிப்பிராயமாகக் கணிக்கப்படவுமில்லை.

வானொலியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்ட காலத்திற் பழைய வார்ப்பு மறைந்துவிட்டதா? 2018 பெப்ரவரிக் கடைசியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில், சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாகக் காணொளியொன்று பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. இம்முறை வேறு பகைவர், வேறு சாதனம். ஆனால் பெண்ணுடலையும் பிறப்பையும் பற்றிய அதே அச்சம், அதே கல்லோயாப் பரப்பு. அரசாங்கம் மார்ச் 7இல் முகநூலையும் அதனையொத்த சாதனங்களையும் தடைசெய்தது. 1958இன் தணிக்கையைப் போலவே இதுவும் பொய் சென்று சேர்ந்தபின் வந்த தடை. முகநூல் நிறுவனம் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது 2020இல். புதிய தொழில்நுட்பமே வதந்தியைப் பிறப்பித்தது என இன்று எழுதுவோர் 1956ஐ வாசித்திருக்கவில்லை. கல்லோயாவில் அப்போது கைத்தொலைபேசி இருக்கவில்லை. அம்பாறையில் ‘மாத்திரை’ எனப்பட்டது மாவுக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் அறிவித்தபோது, திகனையிற் கடைகளும் வீடுகளும் எரிந்து முடிந்திருந்தன.